அமெரிக்க அரசியலில் பணமும் லாபியும்: தடம் பிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் யார் எந்த வேட்பாளருக்குப் பணம் கொடுத்தார்கள், எந்த மசோதாவுக்காக யார் லாபி செய்தார்கள் (அதாவது சட்டம் செய்பவர்களையும் அதிகாரிகளையும் அணுகித் தங்கள் பக்கம் இழுக்கப் பேசினார்கள்) என்பதெல்லாம் பெருமளவுக்கு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அது இவ்வளவு கிடைப்பதுதான் சிக்கல். புதிதாக இறங்குகிறவர்கள் நேராகத் தேர்தல் நன்கொடைத் தளத்துக்குப் போய் ஒரு கம்பெனிப் பெயரைப் போட்டுத் தேடுவார்கள், ஆயிரக்கணக்கான வரிகள் வந்து கொட்டும், அத்தனையையும் கூட்டி ஒரு பெரிய தொகையோடு வந்து நிற்பார்கள், அந்தத் தொகை பெரும்பாலும் தப்பாக இருக்கும்.

நான் சொல்லப்போகும் வரிசை இதற்குத் தலைகீழ். முதலில் மசோதா, அப்புறம் லாபி அறிக்கை, அதற்கும் பிறகுதான் நன்கொடை. உதாரணத்துக்கு ஒரே விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன்: 2025 ஜூலை 18-ல் கையெழுத்தான ஜீனியஸ் சட்டம். டாலர் மதிப்போடு பிணைத்து வெளியிடப்படும் ஸ்டேபிள்காயின்களுக்கான சட்டம் அது. மருந்து விலையோ ராணுவ ஒப்பந்தமோ எதுவானாலும் இதே வழிதான்.

1. கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

"கிரிப்டோ கம்பெனிகள் காங்கிரஸையே விலைக்கு வாங்கிவிட்டனவா?" என்பது டீக்கடையில் பேச நல்ல கேள்வி, ஆவணத்தில் தேட முடியாத கேள்வி. தேடக்கூடிய கேள்வியில் யார், எந்த மசோதா அல்லது எந்தத் தேர்தல், எந்தக் காலம், எந்த வகைப் பணம் என்ற நான்கும் இருக்கும். "2023 தொடக்கம் முதல் 2025 ஜூலை வரை ஜீனியஸ் சட்டத்துக்காக லாபி செய்த கம்பெனிகள், அதே காலத்தில் செனட் தேர்தல்களில் சூப்பர் பேக் வழியாக எவ்வளவு செலவிட்டன?" என்று கேட்டால் வேலை தொடங்கலாம். பேக் என்பது தேர்தலுக்காகப் பணம் திரட்டிச் செலவிடும் குழு, வேட்பாளருடன் கலக்காமல் வரம்பின்றிச் செலவிடும் பேக்தான் சூப்பர் பேக்.

பணத்தின் வகையைச் சொல்லியே ஆக வேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. வேட்பாளருக்கு நேரடியாகத் தரும் நன்கொடை ஒன்று. வேட்பாளருடன் கலந்து பேசாமல் வெளியிலிருந்து விளம்பரத்துக்குச் செலவிடுவது இன்னொன்று. லாபியிஸ்டுக்குத் தரும் கட்டணம் மூன்றாவது. மூன்றுக்கும் விதி வேறு, படிவம் வேறு, கெடு தேதி வேறு. மூன்றையும் கலந்து "செல்வாக்குக்காகச் செலவிட்ட மொத்தம்" என்று ஒரே எண்ணாக எழுதினால் அந்த எண்ணுக்குப் பொருளே இருக்காது.

2. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். எக்செல் அல்லது கூகுள் ஷீட்டில் மூன்று தாள்கள் போதும். முதல் தாளில் பெயர்கள், இரண்டாவதில் பணம், மூன்றாவதில் தேதிகள். ஒவ்வொரு வரியிலும் அது எந்த ஆவணத்திலிருந்து வந்தது, அந்த ஆவணத்தின் எண் என்ன, என்றைக்கு எடுத்தீர்கள் என்பதற்கு மூன்று நெடுவரிசை கட்டாயம் ஒதுக்குங்கள். அறிக்கைகள் பின்னால் திருத்தப்படும், அப்போது எந்தப் பதிப்பைப் பார்த்தோம் என்று தெரியாமல் திண்டாடுவீர்கள். முக்கியமான அறிக்கைகளைப் பிடிஎஃப் ஆகவே சேமித்துவிடுங்கள்.

தேர்தல் ஆணையமான எஃப்இசியின் தரவை நிரல் எழுதி எடுக்க உதவும் ஏபிஐ சாவி ஒன்றையும் வாங்கி வைத்துக்கொள்ளலாம். மின்னஞ்சல் கொடுத்தால் இலவசமாகத் தருவார்கள். சின்னத் தேடலுக்கு அது தேவையில்லை, தளத்திலேயே வடிகட்டிப் பதிவிறக்கலாம்.

மொத்தத் தரவுக் கோப்பை இறக்கி எக்செலில் திறக்க மட்டும் முயலாதீர்கள். எக்செல் தாளில் 10,48,576 வரிகள்தான் அடங்கும், ஒரு தேர்தல் சுழற்சியின் தனிநபர் நன்கொடைக் கோப்பு அதைவிடப் பல மடங்கு பெரியது. மீதி வெட்டுப்பட்டதைக் கவனிக்காமல், இருக்கிற வரிகளை மட்டும் கூட்டிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கோப்பில் நெடுவரிசைத் தலைப்புகளும் இருக்காது, அவை தனிக் கோப்பாகக் கிடைக்கும்.

3. மசோதாவின் எல்லா எண்களையும் திரட்டுங்கள்

காங்கிரஸின் சட்டத் தளத்தில் மசோதாவைத் தேடினால் எண், முன்மொழிந்தவர், குழு, வாக்கெடுப்பு எல்லாம் கிடைக்கும். ஆனால் ஒரே யோசனை பல எண்களில் வாழும். ஜீனியஸ் சட்டம் 2025 பிப்ரவரியில் எஸ். 394 ஆக வந்தது, மார்ச்சில் எஸ். 919 ஆகக் குழுவைத் தாண்டியது, கடைசியில் நிறைவேறியது எஸ். 1582. பிரதிநிதிகள் சபையில் அதே வேளையில் எச்.ஆர். 2392 என்ற ஸ்டேபிள் மசோதா ஓடிக்கொண்டிருந்தது.

இதைத் திரட்டாமல் எஸ். 1582-ஐ மட்டும் போட்டுத் தேடினால் ஆண்டின் முதல் மூன்று மாத லாபி அறிக்கைகள் ஏறக்குறைய காலியாகத் தெரியும், "மே வரை யாரும் கண்டுகொள்ளவில்லை" என்று எழுதிவிடுவீர்கள். எண்களோடு மசோதாவின் பெயர், சுருக்கப் பெயர், "ஸ்டேபிள்காயின்", "டிஜிட்டல் சொத்து" போன்ற பொதுச்சொற்களையும் சேர்த்துத் தேடுங்கள். பல லாபியிஸ்டுகள் எண்ணே போடாமல் பொதுவாக எழுதிவிட்டுப் போவார்கள்.

4. லாபி அறிக்கைகள்: தொடங்க வேண்டிய இடம்

1995-ன் லாபி வெளிப்படுத்தல் சட்டப்படி லாபி நிறுவனங்களும், சொந்தமாக லாபியிஸ்ட் வைத்திருக்கும் கம்பெனிகளும் பதிவு செய்ய வேண்டும். பதிவுப் படிவம் எல்டி-1, காலாண்டு அறிக்கை எல்டி-2. இரண்டும் செனட்டிலும் பிரதிநிதிகள் சபையிலும் தாக்கலாகும். தேடுவதற்கு செனட் பக்கம்தான் எனக்கு வசதி.

நன்கொடையை விட்டுவிட்டு இங்கே தொடங்குவதற்குக் காரணம், இந்த மசோதாவில் யாருக்கு அக்கறை என்பதை அவர்களே கையெழுத்துப் போட்டுச் சொல்லியிருக்கும் ஒரே இடம் இதுதான். நன்கொடைப் பட்டியலில் யாரும் "இந்த மசோதாவுக்காக" என்று எழுதுவதில்லை. இங்கே எழுத வேண்டும்.

எல்டி-2-ஐத் திறந்ததும் வாடிக்கையாளர் பெயர், தொகை, பொதுத் துறைக் குறியீடு, குறிப்பிட்ட விவகாரங்கள், யாரைத் தொடர்புகொண்டார்கள், லாபியிஸ்டுகளின் பெயர்கள், அவர்கள் முன்பு வகித்த அரசுப் பதவி என்று வரிசையாகப் பாருங்கள். பேங்கிங்குக்கு பிஏஎன், நிதி நிறுவனங்களுக்கு எஃப்ஐஎன் என்று குறியீடுகள் உண்டு. குறியீட்டை மட்டும் நம்பி வடிகட்டாதீர்கள், ஒரே மசோதாவை ஒருவர் ஒரு குறியீட்டிலும் அடுத்தவர் வேறொன்றிலும் போடுவார்.

பதவி நெடுவரிசை தங்கச் சுரங்கம். இந்த லாபியிஸ்ட் முன்பு எந்த செனட்டரின் அலுவலகத்தில், எந்தக் குழுவில் வேலை பார்த்தார் என்பது அங்கே இருக்கும். ஒரு மசோதாவைக் கையாளும் குழுவின் முன்னாள் ஊழியர்கள் எத்தனை பேர் அதே மசோதாவுக்கு லாபி செய்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பல நேரம் டாலர் தொகையைவிட அதுதான் நல்ல செய்தி.

இனி தொகை. இங்கேதான் எல்லாரும் சறுக்குகிறார்கள்.

அறிக்கையில் இருக்கும் தொகை அந்தக் காலாண்டின் எல்லா விவகாரங்களுக்கும் சேர்த்தது. ஒரு மசோதாவுக்கு இவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இந்தப் படிவத்தில் இடமே இல்லை. ஆகவே "ஜீனியஸ் சட்டத்துக்காக இத்தனை லட்சம் செலவிட்டது" என்ற வாக்கியத்தை இந்த ஆவணத்தை வைத்து எழுதவே முடியாது. "ஜீனியஸ் சட்டம் உட்பட இத்தனை விவகாரங்களுக்காக" என்றுதான் எழுத முடியும்.

அடுத்தது இரட்டைக் கணக்கு. வெளி லாபி நிறுவனம் தன் வருமானத்தைச் சொல்லும். கம்பெனி தனியாகத் தாக்கல் செய்தால் தன் செலவைச் சொல்லும், அந்தச் செலவுக்குள் வெளி நிறுவனத்துக்குக் கொடுத்ததும் அடங்கியிருக்கும். இரண்டையும் கூட்டினால் அதே பணம் இருமுறை வரும். கம்பெனியின் சொந்த அறிக்கை இருந்தால் அதை மட்டும் எடுங்கள், இல்லாவிட்டால் வெளி நிறுவனங்களின் வருமானங்களைக் கூட்டுங்கள்.

மூன்றாவதாக, தொகைகள் அருகிலுள்ள 10,000 டாலருக்கு முழுமையாக்கப்பட்டவை, 5,000-க்குக் கீழே என்றால் ஒரு கட்டத்தில் டிக் மட்டும் இருக்கும். கணக்கிடும் முறையும் ஒன்றல்ல. சில அமைப்புகள் லாபிச் சட்டத்தின் வரையறைப்படி சொல்லும், சில வரிச் சட்ட வரையறைப்படி சொல்லும், வரிச் சட்டக் கணக்கில் மாநில அளவு லாபியும் சேர்ந்துவிடலாம். எந்த முறை என்பது படிவத்திலேயே குறிக்கப்பட்டிருக்கும். வெவ்வேறு முறையில் சொன்ன இரண்டு அமைப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள்.

இந்த அறிக்கை சொல்லாதவையும் உண்டு. எந்த செனட்டரைப் பார்த்தார்கள் என்று இருக்காது, "செனட்" என்று மட்டும் இருக்கும். மசோதாவை ஆதரித்தார்களா எதிர்த்தார்களா என்றும் இருக்காது. வேலை நேரத்தில் 20 சதவீதத்துக்குக் குறைவாக லாபி செய்பவர் லாபியிஸ்டாகவே பதிவாக வேண்டியதில்லை, "ஆலோசகர்" என்று அட்டை அடித்துக்கொண்டு சுற்றலாம். எனவே பட்டியலில் பெயர் இல்லை என்பதால் ஆளே இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.

5. பெயர்ப் பட்டியலைத் தட்டிக் கொட்டிச் சரிசெய்யுங்கள்

லாபி அறிக்கைகளிலிருந்து ஒரு கம்பெனிப் பட்டியல் கிடைத்திருக்கும். அதை அப்படியே எஃப்இசியில் போட்டால் பாதி தப்பிப்போகும். செய்திகளில் ஆண்ட்ரீசன் ஹோரோவிட்ஸ் என்று வரும் முதலீட்டு நிறுவனம் ஆவணங்களில் ஏஎச் கேபிடல் மேனேஜ்மென்ட் என்ற சட்டப் பெயரில் வரும். ஒரே கம்பெனி "இன்க்" போட்டும் போடாமலும், காற்புள்ளியோடும் இல்லாமலும் நான்கு விதமாக இருக்கும்.

ஒவ்வொரு கம்பெனிக்கும் செய்தியில் வரும் பெயர், சட்டப் பெயர், துணை நிறுவனங்கள், தலைமை நிர்வாகிகள், அதன் பேக் என்று ஒரு வரி உண்டாக்குங்கள். எஃப்இசியில் பேக், பிரச்சாரக் குழு போன்ற நிதிக் குழுக்களுக்கு சி எழுத்தில் தொடங்கி எட்டு இலக்க எண் இருக்கும், வேட்பாளர் எண் பிரதிநிதிகள் சபைக்கு எச், செனட்டுக்கு எஸ், அதிபர் தேர்தலுக்கு பி என்று தொடங்கும். பெயரால் தேடி, எண்ணைக் கண்டுபிடித்து, அதன்பின் எண்ணால் மட்டும் தேடுங்கள். பெயர்கள் மாறும், எண் மாறாது.

தனிநபர்களிடம் கூடுதல் கவனம் வேண்டும். ஒரே பெயரில் பலர் இருப்பார்கள், வேலையும் நிறுவனமும் அவர்களே எழுதிக் கொடுப்பவை. நம் ஊர்ப் பெயர்கள் இன்னும் கஷ்டம், தந்தை பெயர் முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை, இனிஷியல் மட்டும் ஒருமுறை என்று ஒரே ஆளே மூன்று பேராகத் தெரிவார். ஊர், நிறுவனம், தொழில் மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்தாவிட்டால் சேர்க்காதீர்கள்.

6. நேரடி நன்கொடைகள்

எஃப்இசி அறிக்கையில் வரவு அட்டவணை ஏ, செலவு அட்டவணை பி, வெளிச்செலவு அட்டவணை ஈ. இப்போதைக்கு ஏ மட்டும்.

கம்பெனி தன் கணக்கிலிருந்து கூட்டாட்சித் தேர்தல் வேட்பாளருக்கு நேரடியாகப் பணம் தர முடியாது, 1907 முதலே தடை. அப்படியானால் "இந்தக் கம்பெனி இந்த செனட்டருக்கு இவ்வளவு கொடுத்தது" என்று படிக்கிறோமே, அது என்ன? கம்பெனியின் பேக் தந்ததும், அங்கே வேலை செய்பவர்கள் தங்கள் சொந்தப் பையிலிருந்து தந்ததும் சேர்ந்த கூட்டுத்தொகை. அரசியல் பணத்தைத் தொகுத்துக் காட்டும் ஓப்பன்சீக்ரெட்ஸ் தளம் இப்படித்தான் கூட்டித் தருகிறது, அதைத் தெளிவாக எழுதியும் வைத்திருக்கிறது, படிப்பவர்கள்தான் அந்தக் குறிப்பைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒரு பெரிய கம்பெனியின் பொறியாளர் தன் மனசாட்சிப்படி தந்த 250 டாலரும் அந்த எண்ணுக்குள் இருக்கிறது.

வரம்புகளைக் கையில் வைத்திருந்தால் பிழை உடனே கண்ணில் படும். 2025-26 சுழற்சியில் ஒருவர் ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்கு 3,500 டாலர் தரலாம், முதல்நிலைத் தேர்தலும் பொதுத் தேர்தலும் தனித்தனி என்பதால் சேர்ந்து 7,000. பல வேட்பாளர்களை ஆதரிக்கும் வழக்கமான பேக் ஒரு தேர்தலுக்கு 5,000 தரலாம். ஒருவர் ஒரு வேட்பாளருக்கு 50,000 தந்ததாக உங்கள் தாளில் வந்தால் எங்கேயோ பல வேட்பாளர்களுக்கும் கட்சிக்கும் சேர்த்துத் திரட்டும் கூட்டு நிதிக் குழுவைக் கலந்துவிட்டீர்கள். 200 டாலருக்கு மேற்படாத நன்கொடையாளர்களின் பெயரைப் பிரச்சாரக் குழு வெளியிட வேண்டியதில்லை, அது ஒரே மொத்தத் தொகையாக வரும்.

அடிக்கடி வரும் கேள்விக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்: கிரீன் கார்டு உள்ளவர் நன்கொடை தரலாம், எச்-1பி விசாவில் இருப்பவர் தரக் கூடாது. இன்னொன்று, இந்தப் பட்டியலில் இருக்கும் பெயர் முகவரிகளை எடுத்து நன்கொடை கேட்கவோ வியாபாரத்துக்கோ பயன்படுத்துவது சட்டவிரோதம். பக்கத்து வீட்டுக்காரர் யாருக்குக் கொடுத்தார் என்று குழுவில் போட்டுக் கிண்டல் செய்வது சட்டத்தைத் தொடாவிட்டாலும் அசிங்கம்.

7. ஒரு டாலரை ஒருமுறை மட்டும் எண்ணுங்கள்

இதற்குத் தனித் தலைப்பு தருகிறேன், ஏனென்றால் நான் பார்த்த தப்பான மொத்தங்களில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன.

ஆக்ட்ப்ளூ, வின்ரெட் இரண்டும் பணத்தை வாங்கி வேட்பாளரிடம் சேர்க்கும் வழிகள். ஒருவர் ஆக்ட்ப்ளூ வழியாக 500 டாலர் தந்தால் அது ஆக்ட்ப்ளூ அறிக்கையிலும் வரும், வேட்பாளர் அறிக்கையிலும் வரும். வேட்பாளர் அறிக்கைக்குள்ளேயே நன்கொடையாளர் பெயரில் ஒரு வரியும், ஆக்ட்ப்ளூ பெயரில் நினைவுக்குறிப்பாக ஒரு வரியும் இருக்கலாம். ஆக்ட்ப்ளூவைப் பெரிய நன்கொடையாளர் என்று எழுதுவது, மணியார்டர் கொண்டுவந்த தபால்காரரைப் பணம் அனுப்பியவர் என்று சொல்வது போல.

நினைவுக்குறிப்பு வரிகளுக்கு ஒரு நெடுவரிசையில் எக்ஸ் என்று போட்டிருக்கும். அந்த வரிகள் தகவலுக்குத்தான், கூட்டலுக்கு அல்ல. கூட்டு நிதிக் குழுக்களிலும் இதே கதை: பணக்காரர் ஒரே காசோலையில் பெரிய தொகை தருவார், அது கட்சிக்கும் பல வேட்பாளர்களுக்கும் பிரிந்து போகும், ஒவ்வொருவர் அறிக்கையிலும் அதன் நிழல் விழும்.

சூப்பர் பேக் குடும்பங்களைக் கவனியுங்கள். கிரிப்டோ துறையின் ஃபேர்ஷேக்குக்கு டிஃபெண்ட் அமெரிக்கன் ஜாப்ஸ், ப்ரொடெக்ட் ப்ராக்ரெஸ் என்று இரண்டு துணைக் குழுக்கள், முதலாவது குடியரசுக் கட்சியினரை ஆதரிக்க, இரண்டாவது ஜனநாயகக் கட்சியினரை ஆதரிக்க. ஃபேர்ஷேக்கிலிருந்துதான் அவற்றுக்குப் பணம் போகிறது. மூன்றின் வரவையும் கூட்டினால் அதே பணத்தை மறுபடி எண்ணுகிறீர்கள். வரவு என்றால் வெளியிலிருந்து வந்ததை மட்டும், செலவு என்றால் விளம்பரத்துக்குப் போனதை மட்டும் எடுங்கள், நடுவில் ஓடுவதைத் தள்ளுங்கள்.

சரிபார்க்க எளிய வழி உண்டு. ஒவ்வொரு அறிக்கையின் முகப்பிலும் சுருக்கப் பக்கம் இருக்கும். உங்கள் கூட்டுத்தொகையை அங்குள்ள மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். உங்களுடையது பெரிதாக இருந்தால் நினைவுக்குறிப்பு வரிகளைக் கூட்டியிருப்பீர்கள், சிறிதாக இருந்தால் பெயர் வெளியிடப்படாத சிறு நன்கொடைகள் விடுபட்டிருக்கும். இந்த ஒப்பீட்டை முடிக்காமல் அடுத்த படிக்குப் போகவே போகாதீர்கள்.

8. சூப்பர் பேக் செலவு

2010-ல் வந்த சிட்டிசன்ஸ் யுனைடெட், ஸ்பீச்நவ் தீர்ப்புகளுக்குப் பிறகு, வேட்பாளரோடு கலந்து செயல்படாத குழுக்கள் கம்பெனிகளிடமிருந்தும் வரம்பில்லாமல் பணம் வாங்கிச் செலவிடலாம். அதனால் பெரும்பணத்தைப் பார்க்க அட்டவணை ஈ-க்குத்தான் வர வேண்டும். ஒவ்வொரு வரியிலும் எந்த வேட்பாளர், ஆதரவா எதிர்ப்பா, யாருக்குப் பணம் போனது, எதற்காக என்று இருக்கும்.

ஆதரவு-எதிர்ப்புக் குறியைக் கட்டாயம் பாருங்கள். 2024-ல் ஒஹாயோ செனட் தேர்தலில் ஷெரட் பிரவுனைத் தோற்கடிக்கக் கிரிப்டோ பணம் இறங்கியது என்று எங்கும் பேசினார்கள். டிஃபெண்ட் அமெரிக்கன் ஜாப்ஸ் அங்கே இறக்கிய சுமார் 4 கோடி டாலர், எதிரில் நின்ற பெர்னி மோரேனோவுக்கு ஆதரவுச் செலவு. அதே ஆண்டு கலிபோர்னியா முதல்நிலைத் தேர்தலில் கேட்டி போர்ட்டருக்கு எதிராக ஃபேர்ஷேக் செலவிட்ட சுமார் 1 கோடி எதிர்ப்புச் செலவு. "பிரவுன்" என்று மட்டும் தேடுபவருக்கு அந்த 4 கோடி கண்ணில் படாது.

விளம்பரத்தின் பேச்சை வைத்தும் பணத்தை அடையாளம் காண முடியாது. போர்ட்டருக்கு எதிரான விளம்பரங்களில் கிரிப்டோ என்ற சொல்லே வரவில்லை. யார் செலவிட்டார்கள் என்பதை அட்டவணை ஈ-யில் பார்த்து, அந்தக் குழுவின் அட்டவணை ஏ-க்குத் திரும்பி, பணம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ஃபேர்ஷேக் விஷயத்தில் காயின்பேஸ், ரிப்பிள், ஏஎச் கேபிடல் என்று வெளிப்படையாகவே இருக்கும்.

இங்கும் இரட்டைக் கணக்கு உண்டு. தேர்தல் நெருங்கும்போது 24 மணி நேர, 48 மணி நேர அறிவிப்புகள் தாக்கலாகும், அதே செலவு பின்னர் வழக்கமான அறிக்கையிலும் வரும். ஒன்றை எடுங்கள். பழைய தேர்தல் என்றால் வழக்கமான அறிக்கை, நடந்துகொண்டிருக்கும் தேர்தல் என்றால் அவசர அறிவிப்பு.

9. விடுபடும் சின்ன மூலைகள்

அதிபர் பதவியேற்பு விழாக் குழுவுக்குக் கம்பெனிகள் வரம்பில்லாமல் தரலாம், அது வேட்பாளர் கணக்கில் வராது, விழா முடிந்து 90 நாளுக்குள் எஃப்இசியில் தனி அறிக்கையாக வரும். 2025 விழாவுக்குக் காயின்பேஸ் 10 லட்சம் டாலர் தந்தது, நன்கொடைத் தேடலோடு நிறுத்தியவர்களுக்கு இது தெரிந்திருக்காது.

லாபியிஸ்டுகள் தாங்களே தரும் நன்கொடை எல்டி-203 என்ற அரையாண்டுப் படிவத்தில் வரும். தொலைக்காட்சி விளம்பர ஒப்பந்தங்கள் ஒளிபரப்பை ஒழுங்குபடுத்தும் ஆணையமான எஃப்சிசியின் பொதுக் கோப்பில் நிலையம் வாரியாக இருக்கும், ஒரே தொகுதியைத் தோண்டுகிறீர்கள் என்றால் மட்டும் அங்கே போங்கள். மாநிலத் தேர்தல்கள் முற்றிலும் வேறு உலகம், ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித் தளம், தனி விதி.

10. பெயர் மறைந்த பணம்

சூப்பர் பேக்கின் அட்டவணை ஏ-யில் நன்கொடையாளராக ஒரு மனிதரோ கம்பெனியோ இல்லாமல், நல்ல பெயர் வைத்த ஓர் அமைப்பு இருந்தால் நின்று பாருங்கள். செனட் லீடர்ஷிப் ஃபண்டுக்கு ஒன் நேஷன், செனட் மெஜாரிட்டி பேக்குக்கு மெஜாரிட்டி ஃபார்வர்ட் என்று இரு கட்சிப் பக்கமும் இப்படி ஒரு ஜோடி உண்டு. இவை வரிச் சட்டத்தின் 501(சி)(4) பிரிவு அமைப்புகள், தங்களுக்குப் பணம் தந்தவர்களைப் பொதுவில் சொல்ல வேண்டியதில்லை.

சுவர் முழுமையானதல்ல. இந்த அமைப்புகள் ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் படிவம் 990 பொது ஆவணம், ப்ரோபப்ளிகா என்ற புலனாய்வுச் செய்தித் தளத்தின் லாப நோக்கற்ற அமைப்புகள் தேடலில் இலவசமாகப் படிக்கலாம். அதில் யார் கொடுத்தார்கள் என்று இருக்காது, யாருக்குக் கொடுத்தார்கள் என்று அட்டவணை ஐ-யில் இருக்கும். ஆகவே பின்பக்கமாக வாருங்கள்: உங்கள் அமைப்பின் பெயரையும் வரி அடையாள எண்ணையும் மற்ற அமைப்புகளின் 990-களுக்குள் தேடுங்கள். அங்கே ஒரு வர்த்தகச் சங்கம் மானியம் தந்ததாக எழுதியிருந்தால் ஒரு படி மேலே ஏறிவிட்டீர்கள்.

அதோடு முடிந்துபோவதும் உண்டு. அப்போது "பணம் எங்கிருந்து வந்தது என்பது வெளியிடப்படவில்லை" என்று எழுதி நிறுத்துங்கள். ஊகத்தை அங்கே ஒட்டவைத்தால் அதுவரை சேர்த்த உறுதியான தகவலுக்கும் சேர்த்துச் சந்தேகம் வரும். 990 தாமதமாகத்தான் வரும் என்பதும் நினைவிருக்கட்டும், நீட்டிப்பு வாங்கினால் ஒரு நாள்காட்டி ஆண்டின் படிவம் அடுத்த ஆண்டு நவம்பரில்தான் தாக்கலாகும்.

11. வெளிநாட்டு அரசு இருந்தால்

வெளிநாட்டுக் கம்பெனிக்காக லாபி செய்பவர் பெரும்பாலும் மேலே சொன்ன சாதாரண லாபிப் பதிவிலேயே இருப்பார். வெளிநாட்டு அரசுக்காக என்றால் 1938-ன் வெளிநாட்டு முகவர் பதிவுச் சட்டம், அதாவது ஃபாரா, நீதித் துறையின் தனித் தளம். படிக்கச் சுவாரசியமான ஆவணங்கள் இவைதான். ஒப்பந்தமே இணைப்பாக இருக்கும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் துணை அறிக்கையில் யாரை, எந்தத் தேதியில், எதற்காகத் தொடர்புகொண்டார்கள் என்பதுவரை இருக்கும். பல கோப்புகள் ஸ்கேன் செய்தவை, பக்கம் பக்கமாகப் படித்தே ஆக வேண்டும்.

ஃபாராவில் எழுதப்பட்டது முழுக் கதை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்கு இலங்கையே உதாரணம். 2014-ல் தன் பிம்பத்தைச் சரிசெய்ய இலங்கை அரசு இமாத் சுபேரி என்பவருக்கு 65 லட்சம் டாலர் அனுப்பியது. அதில் 8.5 லட்சத்துக்கும் குறைவாகத்தான் லாபியிஸ்டுகளுக்கும் விளம்பர, சட்ட நிறுவனங்களுக்கும் போனது, மீதியில் பெரும்பகுதியைத் தனக்கும் மனைவிக்கும் செலவிட்டுக்கொண்டார் என்று அமெரிக்க நீதித் துறை சொன்னது. பொய்யான ஃபாரா பதிவு, வரி ஏய்ப்பு, சட்டவிரோதத் தேர்தல் நன்கொடை ஆகியவற்றுக்காக 2021-ல் அவருக்கு 12 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அந்தக் கணக்கெல்லாம் வெளிவந்தது வழக்கின் வழியாக. எனவே பெரிய பெயர் சிக்கினால் நீதிமன்ற ஆவணங்களையும் ஒருமுறை தேடிவிடுங்கள்.

12. தேதிகளை ஒரே கோட்டில் வையுங்கள்

மூன்றாவது தாளை இப்போது எடுங்கள். மசோதா அறிமுகம், குழு வாக்கெடுப்பு, சபை வாக்கெடுப்பு, நன்கொடை, விளம்பரச் செலவு, லாபிக் காலாண்டு எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்குங்கள். பணம் நகர்ந்த தேதிக்கு ஒரு நெடுவரிசை, அது பொதுமக்களுக்குத் தெரிய வந்த தேதிக்கு இன்னொன்று.

ஏன் இரண்டு என்று ஜீனியஸ் சட்டமே காட்டும். செனட் ஜூன் 17-ல் 68-30 என்று நிறைவேற்றியது, பிரதிநிதிகள் சபை ஜூலை 17-ல் 308-122, மறுநாள் அதிபர் கையெழுத்து. ஏப்ரல் முதல் ஜூன் வரையான லாபி அறிக்கைக்குக் கெடு ஜூலை 20, அது ஞாயிறு என்பதால் 21. யார் எவ்வளவு லாபி செய்தார்கள் என்று முழுதாகப் பார்க்கக் கிடைப்பதற்குள் மை காய்ந்துவிட்டது. அடுக்கிப் பார்த்தால்தான் இது தெரியும்.

13. எழுதும்போது எதுவரை போகலாம்

சூப்பர் பேக் செலவை "வேட்பாளர் பெற்றார்" என்று எழுதக் கூடாது, அவர் கைக்கு அது வரவே இல்லை. பணம் வந்தது, பிறகு அப்படி வாக்களித்தார் என்பதிலிருந்து பணத்துக்காக வாக்களித்தார் என்று தாவவும் முடியாது. முன்பிருந்தே அந்த நிலைப்பாட்டில் இருந்தவரைத் தேடிப் பணம் போயிருக்கலாம்.

இதைச் சோதிக்க ஒரு வேலை செய்யுங்கள், யாரும் செய்வதில்லை. ஆதரித்து வாக்களித்த 68 செனட்டர்களில் எத்தனை பேருக்காகக் கிரிப்டோ குழுக்கள் ஒரு டாலர்கூடச் செலவிடவில்லை என்று எண்ணுங்கள். எதிர்த்தவர்களிலும் அதையே செய்யுங்கள். பணம் போன இடத்தில் முந்தைய பேச்சுகளையும் பழைய வாக்குகளையும் எடுத்து, நிலைப்பாடு மாறியதா, எப்போது மாறியது என்று பாருங்கள். மாறியிருந்தால் அந்த அலுவலகத்துக்கே எழுதிக் கேளுங்கள், பதில் வராவிட்டால் வரவில்லை என்று எழுதுங்கள்.

14. வெளியிடும் நாளில் மறுபடி திறங்கள்

சேமித்த ஒவ்வொரு அறிக்கைக்கும் திருத்தம் வந்திருக்கிறதா என்று பாருங்கள். எஃப்இசியில் திருத்திய அறிக்கை பழையதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், எல்டி-2-இலும் திருத்தப் பதிப்பு தனியாக வரும். பழையதையும் புதியதையும் சேர்த்துக் கூட்டினால் மறுபடி ஏழாம் பிரிவுக்குத்தான் போக வேண்டும். தொகை மாறியிருந்தால் புதியதைப் போட்டு, எந்தத் தேதியின் பதிப்பு என்று பக்கத்தில் எழுதுங்கள். லாபி அறிக்கைகளுக்கு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் 20-ஐயும், பேக்குகளின் அறிக்கைகளுக்குத் தேர்தல் இல்லாத ஆண்டில் ஜூலை 31, ஜனவரி 31-ஐயும் கைபேசி நாள்காட்டியில் குறித்து வையுங்கள். மாதம்தோறும் தாக்கல் செய்யும் குழு என்றால் ஒவ்வொரு 20-ம் தேதியும்.